மின் பட்டியல் ஏறுகிறது, உற்பத்தி ஏறவில்லை: அறிகுறியைப் பிடித்து சக்தி விரயத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

இரத்மலானை, பேலியகொடை, ஏக்கல, பியகம என்று கொழும்பைச் சுற்றி இயங்கும் நடுத்தரத் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. தையல், உணவு, அச்சு, பிளாஸ்டிக் எதுவானாலும் சரி. 42 கே.வி.ஏ.க்கு மேல் ஒப்பந்தக் கேள்வி (மின் வழங்குநருடன் ஒப்பந்தம் செய்துகொண்ட உச்ச இழுவை), 400 வோல்ற் விநியோகம், மின் பட்டியலில் "கைத்தொழில் ஐ-2" என்று இருக்கும் இடங்களுக்கு அப்படியே பொருந்தும்.

கையில் வேண்டியவை: கடந்த 12 மாதப் பட்டியல்கள், கிளாம்ப் மீற்றர், நிறுத்தற்கடிகாரம் (போனில் உள்ளதே போதும்), சவர்க்கார நீர், அகச்சிவப்பு வெப்பமானி. புதிய இயந்திரத்துக்கு விலை கேட்பது இதற்கெல்லாம் பிறகு. பழைய கம்பிரசர் கரண்ட் தின்கிறது என்று புதியதை வாங்கிப் பூட்டி, அதே ஒழுகும் குழாயில் இணைத்துவிட்டால் புதியதும் அதையே தின்னும்.

பட்டியலில் முதலில் இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று அலகு, மற்றது உச்சக் கேள்வி. அலகு என்பது எவ்வளவு எரித்தீர்கள் என்பது. உச்சக் கேள்வி என்பது அந்த மாதத்தில் எந்தக் கால் மணி நேரத்தில் அதிகமாக இழுத்தீர்களோ அந்த 15 நிமிடத்தின் கே.வி.ஏ. அளவு. அலகு ஏறினால் ஒரு நோய், கே.வி.ஏ. மட்டும் ஏறினால் வேறு நோய். மருந்தும் வேறு.

அறிகுறி 1: ஆளில்லாத நேரத்திலும் மின்மானி ஓடுகிறது

பட்டியலில் அலகுகள் மூன்று நேரங்களாகப் பிரிந்திருக்கும்: பகல் 5.30 முதல் 18.30 வரை, உச்ச நேரம் 18.30 முதல் 22.30 வரை, அதன்பின் காலை 5.30 வரை குறைந்த நேரம். இரவு முறை வேலை இல்லாத இடத்தில் குறைந்த நேர அலகு கணிசமாக இருந்தால் விரயம் அங்கேயே தெரிந்துவிடும்.

போயா நாள் இதற்கென்றே வாய்த்த நாள். எல்லோரும் வீட்டில். காலை 8 மணிக்கு மின்மானியைக் குறித்து, மாலை 4 மணிக்கு மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை 8 ஆல் வகுத்தால், யாரும் வேலை செய்யாதபோது தொழிற்சாலை இழுக்கும் சராசரி கிலோவாற்று. பிறகு பிரதான பலகையில் ஒவ்வொரு பிரேக்கரின் வெளிவரும் கம்பியிலும் கிளாம்ப் மீற்றரை வைத்து அம்பியரை எழுதுங்கள். குளிரறை, சேவர் அறை, காவல் விளக்கு என்று காரணம் சொல்லக்கூடியவை போக மிஞ்சுவது என்ன? பெரும்பாலும் கம்பிரசர். சில இடங்களில் யாரும் அணைக்காத வெந்நீர் ஹீற்றர், வெறுமனே சுற்றும் குளிர்நீர்ப் பம்பி.

தையல் ஆலைகளில் பகலிலேயே இந்த நோயின் இன்னொரு வடிவம் உண்டு. பழைய கிளச் மோட்டார் பூட்டிய இயந்திரம், ஊசி நிற்கும்போதும் மோட்டாரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். துணியை எடுத்து, மடித்து, வைக்கும் நேரம்தான் தையல் நேரத்தைவிட அதிகம் என்பதால் இது சின்ன விஷயமல்ல. சேர்வோ மோட்டார் மிதித்தால் மட்டுமே சுற்றும். எல்லா இயந்திரத்தையும் ஒரேயடியாக மாற்றக் காசில்லையென்றால், தையல் இடைவெளி அதிகமுள்ள இயந்திரங்களில் தொடங்குங்கள்.

அறிகுறி 2: யாரும் காற்றுப் பாவிக்காதபோதும் கம்பிரசர் லோட் ஆகிறது

இங்கேதான் அதிகக் காசு கிடக்கிறது. அழுத்தக் காற்று தொழிற்சாலையில் மிக விலை கூடிய சக்தி. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, நிலத்தை நனைக்காது. எண்ணெய் ஒழுகினால் ஓடிவருபவர்கள் காற்று ஒழுகினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சோதனை இப்படி. உற்பத்தி நின்றபின் கம்பிரசரை மட்டும் ஓடவிட்டு, எல்லா இயந்திரங்களின் காற்று வால்வும் வழக்கம்போலத் திறந்தே இருக்கட்டும். லோட் ஆகும் (காற்றை அழுத்தும்) விநாடி, அன்லோட் ஆகும் (அழுத்தாமல் வெறுமனே சுற்றும்) விநாடி இரண்டையும் ஐந்தாறு சுற்றுக்கு அளந்து சராசரி எடுங்கள். லோட் நேரத்தை, லோட் அன்லோட் இரண்டின் கூட்டால் வகுத்தால் ஒழுகும் பங்கு.

22 கிலோவாற்று ஸ்குரூ கம்பிரசர், 7 பாரில் நிமிடத்துக்கு 3.5 கன மீற்றர் தருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோட் 80 விநாடி, அன்லோட் 160 விநாடி. 80ஐ 240ஆல் வகுத்தால் 33 சதவீதம். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.2 கன மீற்றர் காற்று, எந்த வேலையும் செய்யாமல் வெளியே போகிறது. அன்லோட் ஆகும்போது கம்பிரசர் ஓய்வெடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஸ்குரூ வகை அப்போதும் முழுச் சுமையின் கால் பங்குக்கு மேல் இழுக்கும். இரண்டையும் சேர்த்தால் சராசரி 12 கிலோவாற்று அளவில் வரும். இரவு 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 3,000 அலகுக்கு மேல். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல பராமரிப்பு. 20ஐத் தாண்டினால் உடனே வேலையைத் தொடங்குங்கள்.

வேகம் மாறும் கம்பிரசரில் இந்தச் சோதனை பலிக்காது, அது லோட் அன்லோட் ஆகாமல் மெதுவாகச் சுற்றிச் சமாளித்துக்கொள்ளும். அங்கே காற்றுத் தாங்கியை 7 பாருக்கு நிரப்பி, கம்பிரசரை நிறுத்தி, 6 பாருக்கு இறங்க எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். தாங்கியும் பெரிய குழாய்களும் சேர்ந்து 1,000 லீற்றர், ஒன்றரை நிமிடத்தில் 1 பார் இறங்கியது என்றால், 1,000ஐ 1.5ஆல் வகுக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 670 லீற்றர் ஒழுக்கு.

எங்கே தேடுவது? பிரதான குழாயில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஒழுக்கில் பெரும்பங்கு இயந்திரத்துக்கு முன்னுள்ள கடைசி மூன்று மீற்றரில்: விரைவு இணைப்பு, ஹோஸ் கிளிப், ரெகுலேற்றரின் பிளாஸ்டிக் கிண்ணம், நீர் பிரிப்பான், ஊதுதுப்பாக்கி, ஓட்டை விழுந்த சுருள் ஹோஸ். சவர்க்கார நீரைத் தூரிகையால் பூசுங்கள். குமிழ் வந்த இடத்தில் சிவப்பு நாடா கட்டுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்தவேண்டியதில்லை, ஆனால் நாடா கட்டிய இடம் மறக்காது. 7 பாரில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று 3 கிலோவாற்றுக்கு மேல் தின்னும், நாள் முழுக்க ஓடினால் மாதம் 2,000 அலகுக்கு மேல். விரைவு இணைப்பும் கிளிப்பும் பழைய சோனகத் தெருக் கடைகளில் எந்த நேரமும் கிடைக்கும். மிக மலிவானதை எடுத்தால் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். புரியில் வெள்ளை நாடா சுற்றும்போது முதல் இரண்டு புரியை விட்டுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் துணுக்கு வால்வுக்குள் போய் அடைக்கும்.

திருத்தியபின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பந்து வால்வு வைத்து, அந்தப் பிரிவு முடியும்போது மூடச் செய்யுங்கள். இது ஒழுக்கைத் திருத்தாது, ஆனால் ஒழுகும் மணி நேரத்தைக் குறைக்கும்.

அறிகுறி 3: கடைசி இயந்திரத்தில் அழுத்தம் போதவில்லை

வழக்கமான "திருத்தம்": கம்பிரசரை 7 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற்றிவிடுவது. அன்றைக்குப் பிரச்சினை தீரும். ஆனால் ஒவ்வொரு பாருக்கும் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் கூடும். அழுத்தம் கூடியதால் ஒழுக்கும் கூடும்.

அதற்குப் பதில் ஒரே அழுத்தமானியைக் கொண்டுபோய் நான்கு இடத்தில் அளவெடுங்கள்: தாங்கி, டிரையருக்கு (காற்றை உலர்த்தும் கருவி) பின், பில்ற்றருக்குப் பின், கடைசி இயந்திரம். எல்லா இயந்திரமும் ஓடும்போதே அளக்கவேண்டும்; காற்று ஓடாத குழாயில் அழுத்த இழப்புத் தெரியாது. ஒரே மானி என்பது முக்கியம், நான்கு பழைய மானிகள் நான்கு கதை சொல்லும். தாங்கியிலிருந்து முனைவரை மொத்த இழப்பு 0.7 பாருக்குள் இருக்கவேண்டும். பெரிய வீழ்ச்சி எந்த இரண்டு இடத்துக்கிடையில் வருகிறதோ அங்கேதான் குற்றம். பெரும்பாலும் அடைபட்ட பில்ற்றர். அடுத்தது, முன்பு பத்து இயந்திரத்துக்குப் போட்ட குழாயில் இப்போது முப்பது. குழாயின் இரு முனையையும் இணைத்து வளையமாக்கினால் காற்று இரு பக்கமிருந்தும் வரும். பல இடங்களில் அது ஒன்றே போதும். அதன்பின் கம்பிரசரை 0.2 பார் வீதம் இறக்கிக்கொண்டே வாருங்கள், யாராவது முறையிடும்வரை. பிறகு ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள்.

அறிகுறி 4: காற்றுக் குழாயில் தண்ணீர்

கொழும்புக் காற்றில் இது தவிர்க்கமுடியாதது. 30 பாகை, 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் உண்டு. மேலே சொன்ன கம்பிரசர் மணிக்கு 210 கன மீற்றர் இழுக்கிறது என்றால் அதனுடன் 5 லீற்றர் நீரும் உள்ளே போகிறது. அதில் 4 லீற்றருக்குக் கிட்ட தாங்கிக்கு முன்னும் தாங்கியிலும் வடியும். ஒரு முறை வேலைக்கு 30 லீற்றர்.

தாங்கியின் அடி வால்வைக் கையால் திறந்து பாருங்கள். வாளி வாளியாக வந்தால் தானியங்கி வடிகால் அடைபட்டிருக்கிறது. வடிகால் ரைமர் வகையாக இருந்து அடிக்கடி காற்றை ஊதினால் மறுபக்கத் தவறு: நீருக்காகத் திறந்து காற்றைக் கொட்டுகிறது. திறக்கும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள், இயலுமென்றால் மிதவை வகைக்கு மாறுங்கள். வடிகால் வேலை செய்யாத இடத்தில் வால்வை நிரந்தரமாகச் சற்றே திறந்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதுதான் மேலே சொன்ன 3 மில்லிமீற்றர் துளை.

கம்பிரசர் அறை வெக்கையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே இழுக்கும் காற்று ஒவ்வொரு 4 பாகை சூடாகும்போதும் ஏறத்தாழ 1 சதவீதம் மின்சாரம் கூடும். சூடான காற்றை வெளியேற்றும் குழலைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோவது தகரவேலை மட்டுமே.

அறிகுறி 5: அலகு அப்படியே, கே.வி.ஏ. மட்டும் ஏறிவிட்டது

கப்பாசிட்டர் பேங்க், அதாவது வலுக்காரணியை உயர்த்தப் பலகையில் பூட்டிய கப்பாசிட்டர் தொகுதி. முதல் சந்தேகம் அதுதான். வலுக்காரணி என்பது இழுக்கும் கே.வி.ஏ.யில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாற்றின் பங்கு; வேலை செய்யாத பகுதியை கே.வி.ஏ.ஆர். என்று அளப்பார்கள்.

150 கிலோவாற்று சுமை, வலுக்காரணி 0.75 என்றால் மின்மானி 200 கே.வி.ஏ. காணும். அதே சுமை 0.95இல் 158. அந்த 42 கே.வி.ஏ.க்கு மாதாமாதம் கட்டணம் கட்டுகிறீர்கள். அதைச் சரிசெய்ய வேண்டியது ஏறத்தாழ 83 கே.வி.ஏ.ஆர். கப்பாசிட்டர்.

படிகள்:

1. கட்டுப்படுத்தியின் திரையில் வலுக்காரணியையும் எத்தனை படி (கப்பாசிட்டர் அலகு) இணைந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். எல்லாப் படியும் இணைந்தும் 0.85 காட்டினால் கப்பாசிட்டர்கள் செத்திருக்கின்றன. படியே இணையாமல் 0.75 காட்டினால் கட்டுப்படுத்தி, கொன்டாக்டர் அல்லது சி.டி. (கட்டுப்படுத்திக்கு மின்னோட்டத்தை அளந்து சொல்லும் மின்மாற்றி) தவறு.

2. இணைந்திருக்கும் ஒவ்வொரு படியிலும் மூன்று கம்பியிலும் அம்பியர் அளங்கள். 400 வோல்ற்றுக்குரிய 25 கே.வி.ஏ.ஆர். அலகு 36 அம்பியர் இழுக்கவேண்டும். 20தான் இழுக்கிறது, அல்லது மூன்று கம்பியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் மாற்றவேண்டியதுதான். அளப்பதற்கு முன் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 440 வோல்ற் என்று எழுதிய 25 கே.வி.ஏ.ஆர். அலகு 400 வோல்ற்றில் 21க்குக் கிட்டத்தான் தரும், 30 அம்பியர். நல்ல கப்பாசிட்டரைச் செத்ததென்று கழற்றி எறிவது இங்கேதான் நடக்கிறது.

3. கழற்றும் முன் பிரேக்கரை நிறுத்தி 5 நிமிடம் காத்திருந்து, முனைகளுக்கிடையில் வோல்ற் அளந்து, பூச்சியம் என்று கண்ட பிறகே கை வையுங்கள். உள்ளே உள்ள மின்னிறக்கத் தடை அறுந்திருந்தால் நிறுத்திய கப்பாசிட்டரும் அடிக்கும்.

4. சி.டி. பிரதான வரும் கம்பியில், கப்பாசிட்டர் பேங்கிற்கு முன்னால் இருக்கவேண்டும். பலகையைப் புதுப்பிக்கும்போது அதைக் கப்பாசிட்டருக்குப் பின்னால் போட்டுவிட்டால், கட்டுப்படுத்தி தான் சேர்த்த படியின் பலனையே காணாது. எல்லாப் படியையும் சேர்த்துவிட்டு நிற்கும். வேறு பேஸில் மாட்டிவிட்டாலும் திரை பொய் சொல்லும்.

வேகக்கட்டுப்படுத்திகள் நிறைய உள்ள ஆலையில் கப்பாசிட்டர்கள் அடிக்கடி வீங்கிச் சாகின்றன என்றால் குற்றம் கப்பாசிட்டரில் இல்லை. வேகக்கட்டுப்படுத்திகள் உண்டாக்கும் உயர் அதிர்வெண் ஹார்மோனிக் மின்னோட்டம் அவற்றைச் சூடாக்குகிறது. 7 சதவீத ரியாக்டர் (மின்சுருள்) தொடரில் சேர்த்த பேங்க் வேண்டும், அந்த ரியாக்டருக்கு ஏற்ற உயர் வோல்ற் கப்பாசிட்டருடன். வெறும் கப்பாசிட்டரை மாற்றிக்கொண்டே இருப்பது கடைக்காரருக்கு மட்டும் நன்மை.

கூரையில் சூரிய மின்தகடு பூட்டிய பிறகு வலுக்காரணி விழுந்தால் பதற வேண்டாம். 150 கிலோவாற்றும் 80 கே.வி.ஏ.ஆரும் இழுத்த ஆலைக்குள் தகடுகள் 100 கிலோவாற்று தந்தால், வெளியிலிருந்து வருவது 50 கிலோவாற்று. ஆனால் 80 கே.வி.ஏ.ஆர். அப்படியே வருகிறது. மின்மானி 94 கே.வி.ஏ. காணும், வலுக்காரணி 0.53 என்று காட்டும். அலகு குறைந்த அளவுக்கு கே.வி.ஏ. குறையாததன் காரணம் இதுதான். கப்பாசிட்டர் படிகளை மறுபடி கணக்கிடுங்கள், அல்லது இன்வேர்ட்டரையே கே.வி.ஏ.ஆர். தரும்படி அமையுங்கள். பகலில் ஒரு கால் மணி நேரம் மேகம் மூடினால் போதும், உச்சக் கேள்வி பழைய அளவுக்கே போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

அறிகுறி 6: திங்கட்கிழமைக் காலையிலோ மின்வெட்டுக்குப் பிறகோ உச்சக் கேள்வி பதிவாகிறது

மோட்டார் புறப்படும்போது இழுக்கும் பெரிய மின்னோட்டம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு நிற்காது. ஆறு மடங்கு மின்னோட்டத்தை 8 விநாடி இழுத்தாலும், 900 விநாடிச் சராசரியில் அந்த மோட்டாரின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான் கூடும். உண்மைக் காரணம், சூடாகிப்போன கட்டடத்தைக் குளிர்விக்கச் சில்லரும் (குளிர்நீர் இயந்திரம்), ஆறிப்போன இஸ்திரிகளைச் சூடாக்க ஹீற்றர்களும், வெறுமையான தாங்கியை நிரப்பக் கம்பிரசர்களும் ஒரே கால் மணி நேரத்தில் முழுச் சுமையில் ஓடுவது. ஹீற்றரைக் காலை 6.45க்கும், சில்லரை 7.05க்கும், இரண்டாவது கம்பிரசரை 7.25க்கும் போடச் சொல்லுங்கள். மின்சாரம் திரும்பி வரும்போது எல்லாம் தானாகப் புறப்படாதபடி ரைமர் ரிலே வையுங்கள்.

அறிகுறி 7: கொதிகலன் முன்பைவிட அதிகம் எரிக்கிறது

விறகு எரிப்பவர்கள் முதலில் விறகைச் சந்தேகியுங்கள். எடைக்கு வாங்குகிறீர்கள் என்றால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள். பாதிக்குப் பாதி நீருள்ள பச்சை இறப்பர் விறகு கிலோவுக்கு 8 மெகாயூல் அளவில் தரும். 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தது 14க்கு மேல். லொறியிலிருந்து நாலைந்து துண்டு எடுத்து நடுவில் அறுத்து, ஒரு கிலோ நிறுத்து, 105 பாகை அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். குறைந்த எடைதான் ஈரம். விலையை அதற்கேற்பப் பேசுங்கள். கூரை போட்டு, நிலத்திலிருந்து தூக்கி அடுக்குங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் திறந்த முற்றத்தில் கிடக்கும் விறகு ஊறிப்போகும்.

அடுத்தது புகைபோக்கி வெப்பம். அதே சுமையில், சுத்தம் செய்த மறுநாள் 200 பாகை இருந்தது இப்போது 260 என்றால், ஒவ்வொரு 20 பாகைக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் எனக் கொண்டு 3 சதவீதம் எரிபொருள் வானத்துக்குப் போகிறது. குழாய்களில் கரி, அல்லது நீர்ப்பக்கம் சுண்ணப் படிவு. கரியென்றால் துடைத்த உடனே இறங்கும். இறங்காவிட்டால் படிவு: நீர் மென்மையாக்கியின் உப்பு தீர்ந்து எத்தனை நாள் என்று கேளுங்கள்.

மூன்றாவது ஊட்டுநீர்த் தாங்கி. கையை வைத்துப் பார்க்கும் சூட்டில் இருந்தால் நீராவி ஒடுங்கி உண்டான சூடான நீர் திரும்பி வரவில்லை. ஊட்டுநீர் 6 பாகை ஏறினால் 1 சதவீதம் எரிபொருள் மிச்சம். 40 பாகையில் இருப்பதை 85க்குக் கொண்டுவந்தால் 7 சதவீதம். திரும்பும் குழாய் உடைந்து யாரோ கானுக்குள் விட்டிருப்பார்கள், அந்த வழியைத் தொடர்ந்து போங்கள்.

பிறகு ஸ்டீம் டிராப்கள், அதாவது நீராவியை விடாமல் ஒடுங்கிய நீரை மட்டும் வெளியே விடும் வால்வுகள். குளிர்ந்து கிடப்பது அடைபட்டது, வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். சூடாக இருப்பது நல்லதா கெட்டதா என்பதை வெப்பமானி சொல்லாது. தட்டு வகையென்றால் இரும்புக் கம்பியின் ஒரு முனையை டிராப்பிலும் மறு முனையைக் காதோரமும் வைத்துக் கேளுங்கள்: நிமிடத்துக்குப் பத்துக்குள் "டக்" என்றால் சரி, இடைவிடாமல் படபடத்தால் தேய்ந்துவிட்டது. வெளியே விடும் டிராப்பில் சோம்பலாக எழும் வெண்புகை இயல்பானது. வாயருகே ஒன்றும் தெரியாமல் சற்றுத் தள்ளி வெண்மையாகச் சீறினால் அது உயிருள்ள நீராவி.

காப்புறை இல்லாத 50 மில்லிமீற்றர் நீராவிக் குழாய், 7 பாரில், ஒரு மீற்றருக்கு 300 வாற்றுக்கு மேல் அறைக்குள் கொட்டும். அந்த அறையில் குளிரூட்டியும் இருந்தால் இரண்டு தரம் காசு.

அறிகுறி 8: சில்லர் நிற்காமல் ஓடுகிறது

கடற்காற்றுப் படும் இடங்களில் சில்லர் ஒடுக்கியின் (வெப்பத்தை வெளியே விடும் பகுதி) அலுமினியத் தகடுகள் உப்பில் அரித்துப் பொடியாகும். கழுவும்போது உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்த நீரால். குளிர்நீர் வெப்பநிலையை 1 பாகை ஏற்றினால் 2 முதல் 3 சதவீதம் மிச்சம். பண்டத்துக்கு 7 பாகை உண்மையிலேயே வேண்டுமா, அல்லது யாரோ ஒருநாள் போட்டுவிட்டுப் போனதா என்று கேளுங்கள். விசிறியையோ பம்பியையோ முழு வேகத்தில் ஓட்டி வால்வைப் பாதி மூடி வைத்திருந்தால் அங்கே வேகக்கட்டுப்படுத்திக்கு நியாயம் உண்டு: 80 சதவீத வேகத்தில் விசிறிக்குத் தேவைப்படுவது பாதி வலு.

அறிகுறி 9: எல்லாம் திருத்தியாயிற்று, பட்டியல் குறையவில்லை

பட்டியலின் நாட்களை எண்ணுங்கள். ஒரு மாதம் 28 நாளுக்கும் மறு மாதம் 33 நாளுக்கும் மின்மானி வாசித்திருந்தால் ஒப்பீடே தவறு. கட்டண வீதம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், ரூபாயை ரூபாயோடு ஒப்பிடாமல் அலகை அலகோடு ஒப்பிடுங்கள். அதையும் அந்த மாத உற்பத்தியால் வகுத்து, ஆயிரம் உடுப்புக்கு எத்தனை அலகு, ஒரு தொன் பண்டத்துக்கு எத்தனை அலகு என்று எழுதுங்கள். அந்த எண்ணும் இறங்கவில்லை என்றால் அடுத்த போயாவில் மின்மானியை மறுபடி காலை 8க்கும் மாலை 4க்கும் குறியுங்கள். முதல் போயாவில் 14 கிலோவாற்று இருந்தது இப்போதும் 14 என்றால், கம்பிரசர் அறையில் யாரோ அழுத்தத்தைத் திரும்பவும் 8 பாருக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்களா என்று முதலில் போய்ப் பாருங்கள்.